திருப்பி ஊற்றக் கூடாது

சேலம் மத்திய சிறை
3 மார்ச் 2024

அன்புள்ள பிரியா,

போன வாரம் நீ மனு போட்டுப் பார்க்க வந்தபோது கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் நீங்கள் எல்லோரும் கத்தினீர்கள். நீ சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. யாழினி என்று மட்டும் கேட்டது. அவளுக்குக் காய்ச்சல் என்றாயா, பள்ளிக்கூடத்தில் ஏதோ என்றாயா? நான் தலையை ஆட்டிவிட்டேன். திரும்பி வந்த பிறகு எதற்குத் தலையாட்டினேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பரவாயில்லை, மறைக்க ஒன்றும் இல்லை.

என் அறையில் சின்னண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் லாரி ஓட்டுகிறவர். விபத்து வழக்கு. என் மேல் என்ன வழக்கு என்று கேட்டார். சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணப் போய் ஆள் செத்த வழக்கு என்றேன். விளங்கவில்லை அவருக்கு. சாயப்பட்டறையில் உன் அண்ணனிடம் முதலில் விளக்கிச் சொன்னது போலவே இவருக்கும் சொன்னேன். மிளகு அளவுக் கறுப்பு உருண்டைகள், உள்ளே முழுக்கத் துளை, துளைக்குள் துளை. ஒரு கைப்பிடி உருண்டையில் இருக்கும் துளைச் சுவரையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு தோட்டத்தையே மூடும். அந்தச் சுவர்களில் இரும்பை ஏற்றியிருக்கிறேன். சாயத் தண்ணீரில் பெராக்சைடைக் கலந்து அந்த உருண்டைகள் நிரம்பிய தூணுக்குள் விட்டால், இரும்பு பெராக்சைடை உடைக்கும், உடைந்தது சாயத்தை உடைக்கும். சிவப்பாக உள்ளே போன தண்ணீர் அடியில் கிணற்றுத் தண்ணீர் போல வெளியே வரும்.

"அப்பறம் எதுக்குங்க வெடிச்சுது?" என்றார்.

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் பிரியா. அந்த உருண்டையின் தூள் ஒரு சிட்டிகை பெராக்சைடு டிரம்முக்குள் போனாலும் போதும். உடைக்க அங்கே சாயம் இல்லை. பெராக்சைடு தானே உடைந்து, சூடேறி, காற்றாகப் பொங்கும். வெளியேற வழி இல்லையென்றால் டிரம் தாங்காது. தூள் எப்படி உள்ளே போனது? பம்பை நிறுத்தும்போது தூணிலிருந்து தண்ணீர் பின்னால் இழுக்காமல் இருக்க ஒரு வால்வு வைத்திருந்தேன். அது ஒழுங்காக மூடவில்லை என்று சந்தேகம். அன்று காலை அதைக் கழற்றிப் பார்க்கத்தான் ஸ்பேனரை எடுத்தேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று உன் அண்ணன் கேட்டுக்குக் கூப்பிட்டார். ஸ்பேனரை வைத்துவிட்டுப் போனேன். தூண் இருந்த ஷெட்டுக்கு வெளியே வரும் குழாயில் தெளிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அவர்களுக்குக் காட்டினேன். அவர்கள் கை கொடுத்துவிட்டு வண்டி ஏறிய கொஞ்ச நேரத்தில் ஷெட் கூரை பறந்தது. உள்ளே வேலையில் இருந்த மாதேஷ் அங்கேயே செத்துப்போனான்.

அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். இந்தச் சோதனையை முதலாளிக்குத் தெரியாமல் என் பொறுப்பில் நடத்தினேன் என்று போலீஸ் எழுதியதில். காவல் நிலையத்தில் உன் அண்ணன் என் கையைப் பிடித்து, "நான் உள்ள போனா பட்டறைய நிரந்தரமாப் பூட்டீருவாங்க மாப்பிள்ளை, அத்தன குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும். உங்கள ஒரு மாசத்துல வெளிய எடுத்துர்றன்" என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அன்றுதான். ஆனால் அதற்காக நான் போடவில்லை. மாதேஷைக் கொன்றது என் வால்வு.

யாழினிக்கு என்ன என்று எழுது.

ஜெய்

பள்ளிபாளையம்
14 மார்ச் 2024

அன்புள்ள ஜெய்,

உங்கள் கடிதம் பிரித்துத்தான் வந்தது. சிறையில் பிரித்ததைச் சொல்லவில்லை. அண்ணன் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அதை என்னிடம் நீட்டினார். "மாப்பிள்ளை நல்லா எழுதியிருக்காரு" என்றார். அவ்வளவுதான்.

யாழினிக்கு அம்மை போட்டிருந்தது. இப்போது இறங்கிவிட்டது. முகத்தில் இரண்டு தழும்பு. அப்பா எங்கே என்று கேட்டால் வெளியூரில் வேலை என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். நானும் அதையே சொல்கிறேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு வாரமாக அதை எப்படி எழுதுவது என்று பார்த்தேன், மரியாதையாக எழுத வரவில்லை. என்னைக் கேட்காமல் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? நான் ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஆளை அனுப்பிக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். நம் கல்யாணத்துக்கு நம் இரண்டு வீட்டிலும் யாரும் வராதபோது நாம் இரண்டு பேரும் பேசித்தானே எல்லாவற்றையும் முடிவு செய்தோம். இந்த ஒன்றை மட்டும் நீங்களும் அண்ணனும் பேசி முடித்துக்கொண்டீர்கள்.

அண்ணன் நல்லவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்பா செத்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். நாம் வாடகை வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லோரையும் பகைத்துக்கொண்டு நம்மைக் கூட்டி வந்து மாடியைக் கொடுத்தவரும் அவர்தான். எனக்கு அது தெரியும். அதனால்தான் இந்த வீட்டில் எதையும் கேட்க முடியவில்லை. வக்கீல் என்ன சொல்கிறார் என்று கேட்டால், பொறு அம்மிணி என்கிறார். மாதேஷின் பெண்சாதியைப் பார்க்கப் போகிறேன் என்றால், சனம் கூடிவிடும், போகாதே என்கிறார். இந்த வாரம் மனு போட வருகிறேன் என்றேன். கார் இல்லை என்றார். வாசலில் கார் நிற்கிறது.

இனிமேல் இந்த விலாசத்துக்கு எழுதாதீர்கள். கடைவீதியில் தையல்கடை வைத்திருக்கும் அமுதவல்லி பெயருக்கு எழுதுங்கள். என்னோடு படித்தவள், கேள்வி கேட்க மாட்டாள். விலாசம் பின்பக்கம்.

உங்கள் பிரியா

சேலம் மத்திய சிறை
22 மார்ச் 2024

அன்புள்ள பிரியா,

நீ கோபித்துக்கொண்டது சரி. அன்றைக்கு என் காது அடைத்துப் போயிருந்தது. யார் பேசினாலும் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பது போலிருந்தது. அவர் கை மட்டும் சூடாக என் கையைப் பிடித்திருந்தது. அவர் சொன்ன அந்த வார்த்தைகளும் அந்தச் சூடும்தான் நினைவில் இருக்கின்றன.

சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிப் பார்த்து அறைக்குள் விட்டுப் பூட்டுவார்கள். வெயிலில் நாளெல்லாம் காய்ந்த சுவர் அதற்குப் பிறகுதான் சூட்டை விடத் தொடங்கும். சின்னண்ணன் சுவரிலிருந்து தள்ளிப் படுக்கச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு இங்கே ஒரு வேலையும் வந்துவிட்டது. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் சிறை அலுவலகத்தில் என்னைத் தெரியும், தாள் கிடைக்கிறது.

உன் அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்தார். வக்கீலோடு வந்ததால் தனியாக உட்கார்ந்து பேச முடிந்தது. பழம் கொண்டுவந்திருந்தார். ஜாமீன் மனு ஒரு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது என்றார், வக்கீலும் ஏதேதோ சொன்னார். எனக்கு அதில் மனம் போகவில்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஷெட்டைச் சீல் வைக்கும்போது நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா, அந்த வால்வு திறந்திருந்ததா என்று. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பழப்பையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அப்படித்தான் இருக்குமுங்க மாப்பிள்ளை. நடந்தது நடந்துபோச்சு, மனசப் போட்டு உழப்பாதீங்க" என்றார்.

ஆக, அதுதான். சந்தேகம் என்று ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன், இப்போது அதுவும் இல்லை. நான் உள்ளே இருப்பது சரிதான் என்று படுகிறது. வெளியே வந்தால் எங்கே நிற்பேன் என்றும் தெரியவில்லை.

ஒரு உதவி செய். வெடித்தபோது மாதேஷோடு ஷெட்டில் இருந்த பச்சமுத்து இன்னும் சேலம் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கண் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா. நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். அவர் எதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஜெய்

பள்ளிபாளையம்
6 ஏப்ரல் 2024

ஜெய்,

இதை உட்கார்ந்து படியுங்கள். சிறையில் பிரித்துப் படிக்கிற ஐயாவும் படியுங்கள். நீங்கள் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

அமுதவல்லியோடு நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பச்சமுத்துவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்ல முடியாதாம். அவர் மனைவி செல்லியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். நான் யார் என்று அவர் காதில் சொன்னாள். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். வால்வைப் பார்க்காமல் போனது உங்கள் தப்பு என்று நீங்கள் நினைப்பதைச் சொன்னேன்.

அவர் என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "எந்த வால்வுங்க?" என்றார்.

பம்பு வால்வு என்றேன்.

"பம்புல மாட்டுன டிரம்மு வெடிக்கலீங்களே. அது அப்படியேதான் நின்னுது. வெடிச்சது மூலையில இருந்த டிரம்முங்க. அதுக்குக் குழாயே கெடையாது."

நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். உங்களைக் கேட்டுக்கு அனுப்பிவிட்டு அண்ணன் ஷெட்டுக்குள் வந்திருக்கிறார். தூணுக்குப் பக்கத்தில் பெராக்சைடு பிடித்து வைத்த பக்கெட்டுகள் திறந்து கிடந்தன. உருண்டை அள்ளிய குவளையையே அவற்றிலும் முக்கியெடுத்ததால் அடியில் கறுப்பாகத் தூள் படிந்திருந்ததாம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எல்லாவற்றையும் மூலையில் இருக்கும் டிரம்மில் கொட்டி மூடச் சொல்லியிருக்கிறார். மாதேஷ், எடுத்ததைத் திருப்பி ஊற்றக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார் என்றானாம். அதற்கு அண்ணன் சொன்னதைப் பச்சமுத்து அப்படியே சொன்னார். "பட்டற அவரோடதா, என்னோடதா?"

ஊற்றியிருக்கிறார்கள். அந்த டிரம்மில் நீங்கள் போட்டிருந்த துளை வைத்த மூடி சீற ஆரம்பித்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் அதிகாரிகள் என்ன ஏது என்று கேட்பார்கள் என்று, துளை இல்லாத மூடியை எடுத்து இறுக்கச் சொல்லியிருக்கிறார். மாதேஷ் இறுக்கினான். அண்ணன் கேட்டுக்கு வந்து உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

இதைப் போலீசில் சொன்னீர்களா என்று கேட்டேன். செல்லியம்மாள் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். கண் ஆபரேஷனை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறாராம். அவளுக்குப் பட்டறையில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "எங்கள இழுத்து உட்ராதீங்க அக்கா. கேட்டா இவருக்கு ஞாபகம் இல்லைன்னுதான் சொல்லுவாரு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

பஸ்ஸில் வரும்போது இன்னொன்று தோன்றியது. ஜாமீன் மனு ஒரு தடவை தள்ளுபடி ஆனது என்று அண்ணன் சொன்னாரே, வழியில் இறங்கிக் கோர்ட்டில் கேட்டுப் பார்த்தேன். மனுவே போடவில்லை.

பிரியா

சேலம் மத்திய சிறை
12 ஏப்ரல் 2024

பிரியா,

சாப்பாட்டு வரிசையில் நின்றபடி படித்தேன். மூலையில் இருந்த டிரம் என்ற இடம் வந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். சின்னண்ணன் வந்து என்னை ஓரமாகக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். நான் அழுதேன். மாதேஷுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

அது குழாய் இல்லாத டிரம். எந்த வால்வு திறந்திருந்தாலும் அதற்குள் ஒரு சொட்டுக்கூடப் போக முடியாது. இங்கே வந்த நாளிலிருந்து நான் அந்த வால்வை மனதுக்குள் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. உன் அண்ணன் எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம்.

கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. அது இன்னும் போகவில்லை. நீ அந்த வீட்டு மாடியில் இருக்கிறாய். யாழினி அந்த வீட்டில் தூங்குகிறாள். நான் கையெழுத்துப் போட்ட தாள் கோர்ட்டில் இருக்கிறது. பச்சமுத்து பேச மாட்டார், அவர் பேசாததையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆக, இதைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் அடைபட்டுக் கிடக்கிறோம்.

அண்ணனிடம் எதையும் கேட்காதே. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெய்

பள்ளிபாளையம்
23 ஏப்ரல் 2024

ஜெய்,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த டிரம்மில் எதை ஊற்றச் சொன்னீங்கண்ணா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை ஜெய். மறுப்பார் என்று நினைத்து என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு, "ஆமா, நாந்தான் சொன்னன். அவன் சாகோணும்னா சொன்னன்?" என்றார்.

என் புருஷன் தான்தான் கொன்றோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"அவரு படிச்சவரு அம்மிணி. அவருக்கு நாலு எடம் கெடைக்கும். எனக்கு இந்தப் பட்டறைய உட்டா என்ன இருக்குது?"

அதற்குப் பிறகு கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அம்மா என் வாயைப் பொத்தினார். அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்றார். கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுக்கவா உன்னைப் பெற்றேன் என்றார். அண்ணன் எழுந்து கை கழுவினார். என் ஸ்கூட்டர் சாவியும் செல்போனும் மேஜை மேல் இருந்தன, எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மிரட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதோ வெயிலில் காய்ந்த துணியை எடுத்து வைப்பது போல எடுத்து வைத்தார். யாழினியைக் கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னார்.

இப்போது அம்மா பகலெல்லாம் மாடிப்படி முன்னால் உட்கார்ந்து பூத் தொடுக்கிறார். ரவிக்கைக்கு அளவெடுக்க வந்த அமுதவல்லி கையில் இதைக் கொடுக்கிறேன். யாழினி என்னிடம் கேட்கிறாள், மாமா நம் மேல் கோபமா என்று. மாமாவுக்கு அவள் மேல் கோபமே இல்லை. அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருகிறார். அதில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

நீங்கள் கேட்காதே என்றீர்கள். நான் கேட்டாகிவிட்டது. இனி என்ன செய்ய என்று எழுதுங்கள்.

பிரியா

சேலம் மத்திய சிறை
30 ஏப்ரல் 2024

பிரியா,

முதலில் அங்கிருந்து கிளம்பு. மற்றதை எல்லாம் பிறகு பார்ப்போம். என் அக்கா அபிநயாவுக்கு எழுதியிருக்கிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ரோடு ஏறுகிற இடத்தில் அவர்கள் டீக்கடை. நம் கல்யாணத்துக்குப் பிறகு அவளும் என்னோடு பேசவில்லை. எழுதினால் கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். நேற்று மனு போட்டு நேரில் வந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள். போகும்போது, "அந்தப் புள்ளைய வரச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். அது போதும்.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நீ கேட்கிறாய். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். போய்ச் சொல் என்று எழுதினால், உன்னை வளர்த்தவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்கிறேன். இங்கே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். சொல்லாதே என்று எழுதினால், மாதேஷ் சாயத் தண்ணீரில் விளையாடிய ஒரு கிறுக்கன் கையால் செத்தான் என்றே இருந்துவிடும். அவன் வேண்டாம் என்று சொன்னவன். அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

எனக்காகச் சொல்லாதே. நான் இங்கே இருந்துகொள்வேன். வேறு காரணம் உனக்கு இருந்தால் மட்டும் சொல். இதை நான் முடிவு செய்ய மாட்டேன். போன தடவை உன்னைக் கேட்காமல் முடிவு செய்தேன்.

ஜெய்

கொண்டப்பநாயக்கன்பட்டி
9 மே 2024

அன்புள்ள ஜெய்,

விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள்.

கிளம்பியது பெரிய கதை இல்லை. வெள்ளிக்கிழமை காலை யாழினியைக் குளிப்பாட்டி, ஒரு பையில் இரண்டு பேருக்கும் துணி வைத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா படியில் இருந்தார். அண்ணன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை. கேட்டில் பூட்டு இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அத்தனை நாளும் நான் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. அண்ணன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "போனீன்னா திரும்பி வர ஊடு இல்லீங்கம்மிணி" என்றார். கோபமாக இல்லை. நம் கல்யாணத்துக்குப் பிறகு பெரியப்பா இதையே சொன்னபோது அண்ணன்தான் என் பக்கம் நின்றார். பஸ் ஏறும்வரை அழக்கூடாது என்று வைத்திருந்தேன், முடியவில்லை. யாழினி தன் பாவாடையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

உங்கள் அக்கா அதிகம் பேசுவதில்லை. வந்த அன்று எனக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு, நீ இதெல்லாம் சாப்பிடுவாயா என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன். திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு என்னோடு கோர்ட்டுக்கு வந்தார்.

ஆமாம், சொல்லிவிட்டேன். உங்களுக்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. மாதேஷின் பெண்சாதி கண்ணாத்தாளைப் பற்றி அமுதவல்லி வந்து சொன்னாள். நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்று மத்தியானம், அமுதவல்லி கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்திருக்கிறாள். வெள்ளை ஜாக்கெட். சாயக்கார இன்ஜினியர் தன் பேரைக் காட்டிக்கொள்ள ஏதோ பண்ணி என் வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டார், சிவக்குமார் ஐயாதான் எங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று அமுதவல்லியிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அண்ணனுக்குக் கும்பிடு போடுகிறாள் ஜெய். அதை அவர் வாங்கிக்கொள்கிறார். அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

மாஜிஸ்திரேட் முன்னால், அண்ணன் சோறு பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். தட்டச்சு செய்தவர் நிறுத்தி, உங்கள் சொந்த அண்ணனா என்று கேட்டார். சொந்த அண்ணன் என்றேன். வெளியே வந்ததும் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். உங்கள் அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

இன்னொரு விஷயம். போலீஸ் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். பச்சமுத்து ஞாபகம் இல்லை என்று சொல்லவில்லை. முழுதும் சொல்லியிருக்கிறார். நான் இழுத்துவிடவில்லை என்று சொல்லச் செல்லியம்மாளைப் பார்க்கப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பச்சமுத்துதான், "தங்கச்சியே சொல்லீட்டாங்க, நான் கண்ணும் போயி வாயும் போயிக் கெடக்கறதா" என்றார்.

பட்டறையை மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள். வேலைக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் சிலர் அமுதவல்லி கடைக்கு வந்து என்னைப் பற்றிப் பேசியதை அவள் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. அண்ணன் சொன்னது பொய் இல்லை பாருங்கள். பட்டறை போகும் என்றார், போய்விட்டது.

புது வக்கீல் ஜாமீன் மனு போட்டிருக்கிறார்.

உங்கள் பிரியா

சேலம் மத்திய சிறை
21 மே 2024

அன்புள்ள பிரியா,

ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நாளை காலை விடுவார்கள். இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் நானே வந்துவிடுவேன். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் இதைச் சொல்ல எனக்கு வராது.

நேற்று மாலை புதிதாக வந்தவர்களின் விவரம் எழுத ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் உன் அண்ணன். வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்.

அவர் இங்கே வரும் நாளை நினைத்து, என்ன கேட்க வேண்டும் என்று நான் பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் முறை வந்தது. பெயர் கேட்டேன். சொன்னார். தகப்பனார் பெயர் கேட்டேன். சொன்னார். எழுதினேன். அடுத்த கட்டத்தையும் நிரப்பினேன். காவலர் அடுத்த பக்கம் போனபோது அவர் மெதுவாகப் பேசினார்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நாலு வருசம் எங்கிட்ட வேலை பாத்தான். அந்த மாதேஷ் மொகம் எனக்கு ஞாபகத்துக்கே வர மாட்டீங்குது. எவ்வளவு பாத்தாலும் வர மாட்டீங்குது."

நக்கலோ நடிப்போ இல்லை பிரியா. கண் கலங்கியும் இல்லை. வழி தெரியாத ஊரில் இறங்கியவர் கேட்பது போலக் கேட்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் அங்கே ஒரு நொடி நின்றேன், வேண்டுமென்றேதான் நின்றேன். பிறகு சொன்னேன். ஒல்லி. நல்ல உயரம், ஷெட்டுக்குள் வரும்போது குனிந்துதான் வருவான். இடது புருவத்தில் ஒரு வெட்டு, சின்ன வயதில் மாடு முட்டியது. சிரித்தால் ஈறு தெரியும், அதனால் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பான். நகத்தில் எப்போதும் நீலச் சாயம்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "வருதுங்க" என்றார். பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை. காவலர் வந்து எழுப்பிக் கூட்டிப் போனார்.

அறைக்கு வந்ததும் சின்னண்ணன், அந்தாளைப் பார்த்தீர்களா, திருப்தியா என்று கேட்டார். சுவர் சூட்டைப் பற்றி உன் அண்ணனிடமும் சொல்லச் சொல்லிச் சின்னண்ணனைக் கேட்டுக்கொண்டேன். அவரும் சரி என்றார்.

நாளைக்கு யாழினியைச் சிறை வாசலுக்குக் கூட்டி வர வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன். மாமா எங்கே என்று அவள் என்னிடம் கேட்பாள். வெளியூரில் வேலை என்று சொல்லும் முறை இப்போது என்னுடையது. அதை எப்படிச் சொல்வது என்று நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஜெய்